ஆபத்து வேளையில் வீட்டில் கழியும் நாழிகை

நமது மக்களிடத்தில் ஒரு விசித்திரமான குணம் இருந்து வருகின்றது. அடுத்த ஏழரை வருஷத்திற்குச் சனி எந்த வீட்டில் உட்கார்ந்திருப்பான், எப்போது எழுந்து போவான் என்று தெரிந்துகொள்ளுவதற்குப் பணங் கொடுத்து ஜோசியன் திண்ணையில் காத்துக் கிடப்பார்கள். ஆனால், "இன்று இராத்திரி இந்த வீட்டில் ஒருவருக்கு மார்வலி கண்டாலோ, ஒரு குழந்தையைப் பாம்பு கடித்தாலோ என்ன செய்வதென்று யோசித்து வைத்திருக்கின்றீர்களா?" என்று கேட்டால், "நல்ல வீட்டில் பேசுகிற பேச்சா இது? வாயைக் கழுவு" என்று கோபித்துக்கொள்ளுவார்கள். வரப்போவதை ஜோசியன் சொன்னால் அது சாஸ்திரம். வரக்கூடியதற்கு ஏற்பாடு செய்துகொள்ளச் சொன்னால் அது அபசகுனம்! வாயால் சொன்னதனாலேயே ஒரு காரியம் வந்துவிடுமானால், "பணம் வரும், பணம் வரும்" என்று தினம் சொல்லிக்கொண்டிருக்கிற ஏழைகள் எல்லாம் இதற்குள் லட்சாதிபதிகளாகி இருக்க வேண்டாமா?

இந்த அபசகுனப் பயத்தினால் நஷ்டமாவது வெறும் பேச்சல்ல. உயிர் என்பதைக் காட்டவே இதை எழுதுகின்றோம்.

பிரசவத்தில் பெண்கள் சாவதைப்பற்றி ஆராய்ந்த தாடியஸ், மெயின் என்னும் இரு ஆராய்ச்சிக்காரர்கள், அந்தச் சாவுகளுக்குக் காரணமாகிய தாமதத்தை மூன்றாகப் பிரித்து 1994-ம் வருஷத்தில் எழுதினார்கள். வீட்டைவிட்டுப் புறப்படலாம் என்று தீர்மானிப்பதில் ஏற்படும் தாமதம் ஒன்று. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதில் ஏற்படும் தாமதம் மற்றொன்று. போய்ச் சேர்ந்த பிறகு வைத்தியம் கிடைப்பதில் ஏற்படும் தாமதம் மூன்றாவது. பின்னுள்ள இரண்டும் ரோட்டையும், வண்டியையும், சர்க்காரையும், டாக்டரையும் பொறுத்தவை. அவற்றிற்காகக் கேள்வி கேட்கவும் கிளர்ச்சி செய்யவும் நமக்குப் பாத்தியதை உண்டு. ஆனால் முதல் தாமதம் இருக்கின்றதே, அது நம் வீட்டு வாசற்படிக்குள்ளேயே நடக்கின்றது. அதற்கு எந்த மந்திரியையும் குற்றஞ் சொல்ல முடியாது. நமது நாட்டில் உயிரை வாங்குவதில் இந்த முதல் தாமதம் மற்ற இரண்டுக்கும் சளைத்ததல்ல என்று நாம் தைரியமாகச் சொல்லுவோம்.

பாம்புக்கடியையே எடுத்துக்கொள்ளுவோம். இந்தியாவில் 2000 முதல் 2019 வரையிலுள்ள 20 வருஷங்களில் சுமார் 12 லட்சம் பேர், அதாவது வருஷம் ஒன்றுக்குச் சராசரி 58,000 பேர், பாம்பு கடித்து இறந்தார்கள் என்று 2020-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி கணக்கிட்டிருக்கின்றது. இதற்கு முன் 2011-ல் வெளியான கணக்கில் மற்றொரு சங்கதி இருக்கின்றது. பாம்பு கடித்து இறந்தவர்களில் 100-க்கு 77 பேர் ஆஸ்பத்திரிக்கு வெளியிலேயே இறந்திருக்கின்றார்கள். மருந்து இல்லாத நோயா இது? இல்லை. பாம்பு விஷத்திற்கு நிச்சயமான முறிவு மருந்து இருக்கின்றது. மருந்து ஒரு பக்கத்திலும் சாவு வேறொரு பக்கத்திலும் நடக்கின்றதென்றால், இடையிலே என்ன நடந்தது என்று கேட்க வேண்டாமா?

இடையிலே மந்திரவாதி இருக்கின்றான். வேப்பிலை அடிக்கின்றான், பார்வை பார்க்கின்றான், விஷக்கல்லை ஒட்டவைத்து, "கல் விழுந்தால் விஷம் இறங்கிவிட்டது" என்கின்றான், மிளகைக் கொடுத்து "காரம் தெரிகிறதா?" என்று கேட்கின்றான். "எங்கள் ஊரில் அவரால் பிழைத்தவர்கள் எத்தனையோ பேர்" என்று சொல்லுகின்றவர்களும் பொய் சொல்லவில்லை. பிழைத்திருக்கத்தான் செய்வார்கள். ஏனென்றால், நம் நாட்டிலுள்ள பாம்புகளில் பெரும்பாலானவை விஷமில்லாதவை. சாரை கடித்தவனுக்கு மந்திரித்தாலும் பிழைப்பான். மந்திரிக்காமல் மோர் கொடுத்துப் படுக்கவைத்தாலும் பிழைப்பான். அன்றியும் விஷப்பாம்பே கடித்தாலும் ஒவ்வொரு கடியிலும் விஷத்தை இறக்கிவிடுவதில்லை; வெறுங்கடியாகப் போவதும் உண்டு. இந்த இரண்டு வகையிலும் பிழைத்தவர்களை எல்லாம் தன் கணக்கில் எழுதிக்கொள்ளுகின்ற மந்திரவாதி, நிஜமாகவே விஷம் ஏறிச் செத்தவனை மட்டும் "விதி முடிந்துவிட்டது" என்று கடவுள் கணக்கில் எழுதிவிடுகின்றான். வரவெல்லாம் தனக்கு, செலவெல்லாம் சாமிக்கு என்கின்ற இப்படிப்பட்ட கணக்கை எந்த மளிகைக் கடைக்காரராவது ஒப்புக்கொள்ளுவாரா?

உயிரை எடுக்கும் விஷப்பாம்புகளில் நம் நாட்டிற்கு முக்கியமானவை நான்கு: நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். நான்கிற்கும் சேர்த்து ஒரே முறிவு மருந்துதான். ஆகவே பாம்பை அடித்துத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய அவசியமில்லை. அடிக்கப்போய் இரண்டாவது ஆளும் கடிபட்டதுதான் மிச்சமாகும். ஆஸ்பத்திரியில் கொஞ்சம் இரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிஷம் அசைக்காமல் வைத்து, அது உறைகின்றதா என்று பார்ப்பார்கள். உறையவில்லையானால் விரியன் விஷம் இரத்தத்தைக் கெடுத்துவிட்டது என்று தெரிந்துவிடும். கண் இமை தொங்குகின்றதா, மூச்சு தளருகின்றதா என்று பார்ப்பார்கள். விஷம் ஏறியதற்கு அடையாளம் கண்டால் மருந்து ஏற்றுவார்கள். அடையாளம் இல்லையென்றாலும் ஒரு நாள் முழுவதும் வைத்துக் கவனிப்பார்கள். மந்திரவாதி செய்யாத காரியம் இந்தக் கவனிப்புத்தான்.

அந்த மருந்து எங்கிருந்து வருகின்றது என்பதையும் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சென்னைக்கும் மாமல்லபுரத்திற்கும் இடையில் வடநெம்மேலியில் இருளர்களின் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் ஒன்று 1978 முதல் இருந்து வருகின்றது. சமூகத்தில் கடைசியிலும் கடைசியாக ஒதுக்கி வைக்கப்பட்ட அந்த இருளர்கள் உயிரைப் பணயம் வைத்துப் பிடித்துவந்து எடுத்துக்கொடுக்கும் விஷத்தைச் சிறுகச் சிறுகக் குதிரைக்கு ஏற்றி, அதன் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புச் சத்தைப் பிரித்தே மருந்து செய்கின்றார்கள். இந்தியாவில் செய்யப்படும் முறிவு மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும் பகுதி இவர்கள் கொடுத்ததே. இவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இருவருக்கு 2023-ல் பத்மஸ்ரீ பட்டமும் கிடைத்தது. இருளரைத் திண்ணையில் ஏற்றாத உயர்ந்த ஜாதிக்காரருடைய உடம்பிலும் ஆபத்து வேளையில் ஓடப்போவது இருளருடைய உழைப்புத்தான். அப்போது மடி ஆசாரம் எங்கே போகுமோ நமக்குத் தெரியாது.

நிற்க, கடிபட்டவுடன் வீட்டார் செய்ய வேண்டியது மிகவும் கொஞ்சம். செய்யாமலிருக்க வேண்டியதே அதிகம். கயிற்றால் இறுக்கிக் கட்டக்கூடாது. கட்டினால் இரத்த ஓட்டம் நின்று காலே போகும். கத்தியால் கீறக்கூடாது, வாயால் உறிஞ்சக்கூடாது, சினிமாவில் கதாநாயகன் செய்ததெல்லாம் சினிமாவோடு இருக்கட்டும். கடிபட்டவரை நடக்க விடாமல், ஓட விடாமல், எலும்பு முறிந்த காலுக்குச் செய்வதுபோல் ஒரு குச்சியை வைத்துத் தளர்வாகக் கட்டி அசையாமல் வைக்க வேண்டும். மெட்டி, கொலுசு, மோதிரம், வளையல் இருந்தால் உடனே கழற்றிவிட வேண்டும். வீங்கிவிட்டால் அவையே விரலை அறுக்கும். "சுமங்கலி மெட்டியைக் கழற்றலாமா?" என்று கேட்கின்ற பாட்டியம்மாளுக்கு, சுமங்கலி உயிரோடு இருந்தால்தானே மெட்டி என்று பதில் சொல்லுங்கள். 108 வண்டி வர நேரமாகுமானால், மோட்டார் சைக்கிளில் ஓட்டுகிறவருக்கும் பின்னால் பிடித்துக்கொள்ளுகிறவருக்கும் நடுவில் உட்காரவைத்தாவது புறப்பட்டுவிட வேண்டும்.

கட்டுவிரியனைப்பற்றி ஒரு வார்த்தை. இது இராத்திரியில் தரையில் படுத்துத் தூங்குகின்றவர்களைக் கடிப்பது. கடித்த இடத்தில் வலியும் இராது; பல் பட்ட அடையாளமும் சில சமயம் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி, தொண்டை அடைப்பு, கண் இமை தூக்க முடியாமை என்று ஆரம்பிக்கும். வீட்டார் "சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை" என்று ஓம வாட்டர் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். பிறகு கை கால் அசைவும் கண் திறப்பும் நின்று, பார்ப்பதற்குப் பிணம்போல் கிடப்பார். ஆனால் உள்ளே நினைவு இருக்கும். சுற்றி அழுகின்றவர்களின் சத்தம் காதில் விழும். மூச்சுக்கு இயந்திரத்தின் துணை கொடுத்தால் இப்படிப்பட்டவர்களும் எழுந்து வீட்டுக்கு நடந்து வருவார்கள். தரையில் படுக்கின்ற வீடுகளில் கொசுவலையைப் பாயின் அடியில் செருகிவிட்டுப் படுப்பது இதற்கு நல்ல காவல். எந்த ரட்சையும் தாயத்தும் இந்தக் கொசுவலைக்கு ஈடாகாது.

பாம்பைப்பற்றி மட்டும் இவ்வளவு சொன்னதனால், மற்றவை லேசானவை என்று எண்ணிவிட வேண்டாம். வாய் ஒரு பக்கம் கோணி, ஒரு கை தளர்ந்து, பேச்சுக் குழறினால் அது மூளைக்குப் போகும் இரத்தம் தடைப்பட்டதற்கு அடையாளம். அடைப்பைக் கரைக்கும் ஊசியை ஆரம்பித்த நேரத்திலிருந்து நாலரை மணிக்குள் போட வேண்டும். அதற்கு முன் ஸ்கேன் எடுத்து, அது அடைப்பா, இரத்தக் கசிவா என்று பார்த்தாக வேண்டும். அந்த நாலரை மணியையும் நம்மவர்கள் புறா இரத்தம் தடவுவதிலும், "காற்று அடித்துவிட்டது" என்று முனியப்பனுக்கு முடிந்து வைப்பதிலும் கழித்துவிட்டு, பிறகு வருஷக்கணக்காகக் கட்டிலோடு வைத்துப் பார்க்கின்றார்கள். நோயாளி கடைசியாகச் சரியாக இருந்தது எத்தனை மணிக்கு என்பதை ஒருவர் குறித்துக்கொண்டால் போதும். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

மார்வலியோ "வாய்வு" என்னும் பெயரில் எத்தனையோ பேரைக் கொன்றுவிட்டது. வியர்வையோடு மார் அழுத்தமும், தோளுக்கோ தாடைக்கோ பரவும் வலியும் கண்டால் சோடா வாங்க ஆள் அனுப்பக்கூடாது. பெண்களுக்கு வலியே இல்லாமல் மூச்சுத்திணறலும் அசதியும் மாத்திரமே வருவதும் உண்டு. அதனாலேயே அவர்கள் சொல்லுவதை வீட்டில் யாரும் லட்சியம் செய்வதில்லை. 2023 முதல் தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில் மாரடைப்புக்கான முதல் வேளை மாத்திரைகளைக் கொடுத்து மேல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் ஏற்பாடு வந்திருக்கின்றது. காக்காய் வலிப்புக்கு இரும்புச் சாவியைக் கையில் திணிப்பதும், தீக்காயத்திற்கு இட்லி மாவையும் இங்கியையும் பூசுவதும் பிரயோஜனமற்றவை. வலிப்பு வந்தவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் ஒன்றும் வைக்காமல் விட்டால் பெரும்பாலும் தானே நிற்கும். ஐந்து நிமிஷத்திற்குமேல் நீடித்தால் ஆஸ்பத்திரி. தீக்காயத்தின்மேல் 20 நிமிஷம் தண்ணீர் ஓடட்டும்.

இவையெல்லாம் தெரிந்த வீட்டிலும் ஒரு சங்கடம் இருக்கின்றது. தெரிந்தவருக்கு அதிகாரம் இருப்பதில்லை. பகல் வேளையில் நம் வீடுகளில் இருப்பவர் யார்? பெண்களும், கிழவர்களும், குழந்தைகளும். ஆபத்து அவர்கள் எதிரில்தான் வருகின்றது. ஆனால் ஒரு மருமகள் தன் குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போவதற்கு மாமியாரைக் கேட்க வேண்டும். மாமியார் மகனைக் கேட்க வேண்டும். மகன் வேலை செய்யும் இடத்தில் போனை எடுக்க வேண்டும். எடுத்த பிறகு அவன் "நான் வருகிறேன், இரு" என்று சொல்ல வேண்டும். இந்த வரிசை முடிவதற்குள் விஷம் யாரையும் கேட்காமல் ஏறிக்கொண்டே இருக்கின்றது. பத்து மாதம் சுமந்து பெறுவதற்கு யோக்கியதை உள்ளவளுக்கு, பெற்ற குழந்தைக்காக ஓர் ஆட்டோவைக் கூப்பிடுவதற்கு மாத்திரம் யோக்கியதை இல்லையாம்! தன் உடம்புக்கு வந்தாலோ கேட்கவே வேண்டாம். அடுப்பு வேலை முடியட்டும், அவர் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று வலியை மறைத்துக்கொண்டிருப்பதே பத்தினித்தனம் என்று அவளுக்குக் கற்றுக்கொடுக்கப்பட்டிருக்கின்றது. வயது வந்து நினைவோடு இருக்கும் ஒரு பெண்ணுக்குச் செய்யும் சிகிச்சைக்கு அவளுடைய சம்மதமே வேண்டியது, தாயாருடைய சம்மதம் கூட அதற்கு ஈடாகாது என்று சமீரா கோலி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு 2008-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. கோர்ட்டு ஒப்புக்கொண்டதை வீடு ஒப்புக்கொள்ளவில்லை.

ஆகையால் நாம் முதலாவதாகச் சொல்லும் ஏற்பாடு மருந்துப் பெட்டியல்ல. ஆபத்து நேரத்தில் வீட்டில் யார் இருக்கின்றார்களோ அவர்களே தீர்மானிக்கலாம், எவரையும் கேட்க வேண்டியதில்லை, வீண் அலைச்சலாகப் போனாலும் எவரும் பிறகு ஒரு வார்த்தை சொல்லுவதில்லை என்று வீட்டிலுள்ள எல்லோரும் கூடி ஒருநாள் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். "ஒன்றுமில்லாததற்கு இவ்வளவு செலவு வைத்துவிட்டாய்" என்று ஒரு தடவை ஏசப்பட்ட பெண் இரண்டாம் தடவை புறப்பட மாட்டாள். அவள் கைக்கு எட்டும்படி ஒரு போனும், அவள் பெயரில் கொஞ்சம் பணமும் வேண்டும். திவசத்திற்கு எடுத்து வைக்கின்ற பணத்தில் பாதியை இருக்கின்றவர்களுக்காக எடுத்து வைத்தால், இறந்தவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்பதற்கு நாம் ஜாமீன்.

இரண்டாவது தடை போலீஸ் பயம். ரோட்டில் அடிபட்டுக் கிடப்பவனைத் தூக்கினால் சாட்சிக்கு அலைய வேண்டும் என்று ஒதுங்கிப் போகின்றார்கள். சர்க்கார் டாக்டரானாலும் தனி டாக்டரானாலும் போலீஸ் சடங்குகளுக்குக் காத்திராமல் முதலில் உயிரைக் காப்பாற்ற வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 1989-ல் சொல்லியாய்விட்டது. உதவி செய்தவரைப் பெயர் சொல்லும்படி கூடக் கட்டாயப்படுத்தக்கூடாது என்று 2019-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தின் கீழ்ச் செய்யப்பட்ட விதிகள் சொல்லுகின்றன. தமிழ்நாட்டு ரோடுகளில் விபத்துக்குள்ளானவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைச் சர்க்கார் செலவில் செய்யும் திட்டம் 2021 டிசம்பரில் ஆரம்பமாயிற்று. பூச்சி மருந்தைக் குடித்துவிட்டவரை "கேஸ் ஆகிவிடும், மானம் போய்விடும்" என்று வீட்டிலேயே வைத்துச் சாணித் தண்ணீர் ஊற்றுவது இன்னும் கொடுமை. வாந்தி எடுக்க வைத்தால் அது மூச்சுக் குழாயில் இறங்கி ஆளையே முடித்துவிடும். அப்படிச் செய்துகொண்டவரைத் தாங்க முடியாத மனக்கஷ்டத்தில் இருந்தவர் என்றே கருத வேண்டுமென்று 2017-ம் வருஷத்து மனநலச் சட்டம் கூறுகின்றது. மருந்துப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு ஓடுங்கள். மானத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவது தடையைச் சொல்லச் சிலருக்குக் கசக்கும். இராத்திரி இரண்டு மணிக்கு வண்டி வேண்டும். நம் தெருவில் வண்டி இல்லை. அடுத்த தெருவில் இருக்கின்றது. ஆனால் அந்தத் தெருக்காரனோடு நாம் புழங்குவதில்லை. அவன் வீட்டில் தண்ணீர் குடித்ததில்லை. அவன் போன் நம்பரும் நம்மிடம் இல்லை. எந்த முகத்தோடு போய்க் கதவைத் தட்டுவது? தீண்டாமை மற்றவனுக்கு மாத்திரம் கெடுதி செய்கின்றது என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இந்த இரண்டு மணிக் கணக்கையும் போட்டுப் பார்க்கட்டும்.

இனிக் காகித வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு மணி நேரம் போதும். வீட்டில் ஒவ்வொருவருக்கும் என்ன நோய், என்ன மாத்திரை, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று ஒரு தாளில் எழுதி, ஆதார் நகலையும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை நகலையும் அதோடு சேர்த்து ஒரு பையில் போட்டு, கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டுங்கள். சாமி படத்திற்குப் பின்னால் செருகினால் தேடக் கஷ்டம். 108-க்குப் பேசும்போது வீட்டை எப்படி அடையாளம் சொல்லுவது என்று குழந்தைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். "மாரியம்மன் கோவில் பக்கம்" என்றால் எந்த மாரியம்மன் என்று டிரைவர் கேட்பார், நம் நாட்டில் அதற்குப் பஞ்சமில்லை.

அதைவிட முக்கியமானது, எந்த ஆஸ்பத்திரிக்குப் போவதென்பதை இப்போதே தெரிந்து வைத்துக்கொள்ளுவது. பாம்புக்கடி மருந்து பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கின்றதா? இராத்திரியில் டாக்டர் இருக்கின்றாரா? மூளை ஸ்கேன் எடுக்கும் மிஷின் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கின்றது? இதை ஆபத்து வந்த பிறகு தேடக்கூடாது. பாம்புக்கடியை ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் சர்க்காருக்குத் தெரிவித்தே தீர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2024-ல் உத்தரவாகிவிட்டது. ஆகவே மருந்து இருக்கின்றதா என்று கேட்பது நம் உரிமை. இல்லையென்று சொன்னால், ஏன் இல்லை என்று கலெக்டருக்கு மனுப்போடுவதும் நம் உரிமை.

இந்த விசாரணையை ஒவ்வொருவரும் தனித்தனியாகச் செய்யாமல், ஊர்தோறும் உள்ள நம் சங்கத் தோழர்கள், முக்கியமாகப் பெண் தோழர்கள், நேரில் போய்ச் செய்யலாம். மூச்சும் நாடியும் நின்றவருக்கு நிமிஷத்திற்கு 100 முதல் 120 தடவை நெஞ்சின் நடுவில் இரண்டு அங்குலம் இறங்கும்படி அழுத்தும் முறையை ஒரு நர்ஸையோ டாக்டரையோ அழைத்துப் படிப்பகத்தில் நாலு பேராவது கற்றுக்கொள்ளலாம். விசாரித்ததைப் படிப்பகத்தின் வெளிச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதுங்கள்: பாம்புக்கடிக்கு எந்த ஆஸ்பத்திரி, மார்வலிக்கு எது, வாய் கோணினால் எது, இராத்திரி வண்டி தருகின்றவர் யார், அவர் நம்பர் என்ன என்று. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காகப் பாம்பு, இருதயம், முகம் ஆகியவற்றின் படங்களையும் போட வேண்டும். மருந்து இருக்கின்றதா என்று மாதம் ஒருமுறை மறுபடி கேட்டு, கேட்ட தேதியையும் கீழே குறிக்க வேண்டும். இரவில் தெரியும்படி அந்த இடத்தில் ஒரு விளக்குப் போடவும் மறக்க வேண்டாம்.